கறுப்புத் தடி என் கைக்கு வந்த விதம்

எங்கள் வீட்டில் சோபாவுக்குக் கீழே போய்விடும் காலுறைகளை இழுத்தெடுக்க என் மனைவி யசிந்தா பாவிக்கும் தடியைத்தான் நீங்கள் கண்காட்சிக்குக் கேட்டிருக்கிறீர்கள். தந்துவிடுகிறேன். காலுறைகளுக்கு வேறு வழி பார்த்துக்கொள்வோம்.

ஹோர்சன்ஸ் தமிழர் கலைவிழாவில் என் கசினோச் சாமான்களை வைக்கப் போவதாகவும், ஒவ்வொன்றும் எப்படிக் கிடைத்தது என்று நானே எழுதித் தரவேண்டும் என்றும் சொன்னீர்கள். மற்றவற்றைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சூதாட்ட வில்லைகள், மூலை மடிந்த சீட்டுக்கட்டுகள், ஏதோ ஒரு கசினோவின் பெயர் பொறித்த சாம்பல் தட்டு. இவ்வளவுக்கும் நான் வாழ்நாளில் சூதாடியதில்லை, சிகரெட்டைத் தொட்டதும் இல்லை. பிராண்டேயில் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை, ஞாயிறு பூசையில் பாட்டு, இதுதான் யோசேப். மேசையில் ஒரு வில்லையை வைத்து விளையாடத் துணிவில்லாதவன் அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறான் என்று யசிந்தா சொல்வாள். நான் மறுப்பதில்லை.

இந்த விசரை என் நண்பர் யேசுரட்ணத்துக்கும் தொற்றவைத்தது நான்தான். அவருக்கும் அதே தொழிற்சாலை, அதே கோவில். குளிர் விட்டதும் இங்கே டென்மார்க்கின் கிராமத்து வீதிகளில் வீட்டுக்கு வீடு வாசலில் மேசை போட்டுப் பழைய சாமான் விற்பார்கள். லொப்பமாக்கட் என்பார்கள். ஓர் ஊரில் தொடங்கினால் நாலைந்து ஊர் தாண்டியும் வீதி நீளத்துக்கு மேசைதான். இருவரும் என் காரில் போவோம். சண்டை வராமல் இருக்க ஒரு சட்டம் வைத்திருந்தோம். முதலில் கை வைத்தவருக்குத்தான் சாமான், கையை எடுத்தால் உரிமையும் போய்விடும். அந்தச் சட்டத்தை நான் இன்றுவரை மீறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் மே மாதம், யுத்தம் முடிகிற ஞாயிறு. முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருந்தது. இங்கே உள்ள சனம் பஸ் பிடித்துக் கொப்பன்ஹேகனுக்கு ஊர்வலம் போனது. நான் லொப்பமாக்கட்டுக்குப் போனேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வீதிச் சந்தை வருடத்தில் ஒரு முறைதான் வரும்.

யேசுரட்ணத்தின் அக்கா மேரிசெலின் அந்த யுத்தத்துக்குள்ளே அகப்பட்டிருந்தார். தாயை இழந்த வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். வேலை தவிர்ந்த நேரமெல்லாம் யேசுரட்ணம் தொலைபேசிக்கு முன்னால் இருந்தார், சாப்பாடும் இறங்கவில்லை. "வீட்டில இருந்தா விசர் பிடிக்கும், வாரும், கொஞ்சம் காத்துப் படட்டும்" என்று நானே இழுத்துக்கொண்டு போனேன். அதில் ஒரு கபடமும் இல்லை. நீண்ட கார் ஓட்டத்துக்குப் பேச்சுத் துணை வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது ஊரில் ஒரு டெனிஷ் அம்மா தோட்டச் சாமான்களைச் சாத்தி வைத்திருந்தார். மண்வெட்டி, சருகு வாரி, அவற்றுக்கு நடுவே இந்தத் தடி. கறுப்பு மரம், நுனியில் பித்தளைத் தகடு. கசினோவில் தோற்றவர்களின் வில்லைகளை மேசையின் மறுகரையிலிருந்து வழித்து இழுப்பது இதனால்தான். அந்த அம்மா அதை வைத்துக் கீரைப் பாத்தியைச் சமப்படுத்திக்கொண்டிருந்தாராம். எத்தனையோ வருடமாக நான் தேடித் திரிந்த சாமான். அதன்மேல் யேசுரட்ணம் கை வைத்துவிட்டார்.

விரும்பிக் கை வைத்தார் என்றும் சொல்ல முடியாது. கால் சோர்ந்து ஊன்றிக்கொண்டார். பிறகுதான் கையில் இருப்பதைப் பார்த்தார். "அண்ணை, இதை நான் எடுக்கிறன். அக்கா வந்தாக் காட்டலாம், கண்டா விழுந்து விழுந்து சிரிப்பா" என்றார். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

என் தொலைபேசி சட்டைப்பையில் இருந்தது. அது அடிக்கவில்லை. நான் அதை எடுத்துக் காதில் வைத்து, ஓம், ஓம் என்றேன்.

"யேசு, வவுனியாவில இருந்து என்ர மச்சான். உம்மட அக்கா வெளியில வந்திட்டாவாம். முகாமில கண்டவனாம். ஒரு கீறல்கூட இல்லையாம்."

அந்தக் கீறலை நான் சேர்த்திருக்கத் தேவையில்லை. எனக்கு எப்போதும் ஒரு சொல் கூடிப்போகும்.

அவர் தடியை விட்டார். இரண்டு கையாலும் என்னைக் கட்டிப்பிடித்து, அந்த டெனிஷ் அம்மா பயந்துபோகும்படி அழுதார். பிறகு வீட்டுக்குப் போகவேண்டும் என்று காரை நோக்கி ஓடினார். கையை எடுத்தது அவராகத்தான். நான் தடியை வாங்கிக் காரின் பின்பக்கம் வைத்துவிட்டு அவரைக் கொண்டுபோய் வீட்டில் விட்டேன். அந்தக் கிழமையே நன்றிப் பூசை, பிறகு சாப்பாடு. ஆட்டிறைச்சிக் கறி நல்லாயிருந்தது. நானும் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

சாப்பாடு முடிந்து சில நாளில், ஒரு மத்தியானம், வவுனியா ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு கன்னியாஸ்திரி என் தொலைபேசிக்கு எடுத்தார். யேசுரட்ணம் பகல் வேலை, இயந்திரத்தடிக்குத் தொலைபேசி கொண்டுபோக முடியாது. அதனால் பகலில் வீட்டில் கிடக்கும் என்னுடைய இலக்கத்தைத்தான் அக்காவுக்குப் பாடமாக்கிக் கொடுத்திருந்தார்.

"மேரிசெலின் எண்டு ஒரு அம்மா. சண்டை முடிஞ்ச திங்கட்கிழமை கொண்டுவந்தவை, வயித்தில காயம். டென்மார்க்கில தம்பி இருக்கிறார் எண்டு இந்த நம்பரைத்தான் சொல்லுறா. சொந்தக்காரர் ஆராவது பொறுப்பெடுத்தால் கொழும்புக்கு ஏத்தலாம்."

நான் நிதானமாக யோசித்தேன். திங்கட்கிழமை வந்தவரை ஞாயிற்றுக்கிழமையே என் மச்சான் எப்படிக் கண்டிருப்பான் என்று யேசுரட்ணம் கேட்பார். எந்த மச்சான் என்றும் கேட்பார். பிறகு தடியை நினைப்பார். கோவிலில் முன்வரிசையில் நின்று பாடுகிற ஆள் நான், எனக்கும் ஒரு மரியாதை உண்டு.

"பிழையான நம்பர், சிஸ்ரர்" என்றேன். பணிவாகத்தான் சொன்னேன்.

சில நாள் கழித்து அவர் மறுபடி எடுத்தார். "நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்கு வேற நம்பர் தெரியாது. இண்டைக்குக் காலமை சீவன் போயிட்டுது. ஒருத்தருக்காவது சொல்லவேணும் எண்டு எடுத்தனான்."

நன்றி சொல்லி வைத்தேன். அவருக்காக ஒரு பூசையும் ஒப்புக்கொடுத்தேன், பெயர் சொல்லாமல்.

யேசுரட்ணம் அக்காவைத் தேடவே இல்லை. முகாம்களில் ஆள் தேடித் தருகிறவர்களிடம் விபரம் கொடு என்று மற்றவர்கள் சொன்னபோது, "யோசேப் அண்ணையின்ர மச்சான் கண்ணால கண்டவர்" என்று சிரித்தார். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய, "அக்கா எடுத்தவவே அண்ணை?" என்பார். முகாமில் தொலைபேசி வசதி இல்லை என்பேன். அவவை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்றும் ஒருமுறை சொன்னேன். பொய்யைப் பராமரிப்பதும் ஒரு வேலைதான், எனக்கு அதற்குச் சம்பளம் இல்லை.

இப்போது அவர் ஊருக்கு ரிக்கற் போட்டுவிட்டார். முதலில் என் மச்சானைப் போய்ப் பார்த்து நன்றி சொல்லப்போகிறாராம். அவனுக்குப் போட ஒரு சேட் வாங்க வேண்டும் என்று போன கிழமை என்னிடம் அளவு கேட்டார். நடுத்தர உடம்பு என்றேன். அது என்னுடைய அளவு. வவுனியாவில் எனக்கு மச்சான் ஒருவரும் இல்லை.

அதனால் இதை உங்களிடம் எழுதித் தருகிறேன். தடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கண்காட்சியைத் திறந்து வைக்க யேசுரட்ணத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று அறிந்தேன், அவர் வாசித்துக்கொள்வார். நேரில் சொல்லலாம்தான். ஆனால் அவர் அழுதால் எனக்குத் தாங்காது, மனம் இளகியவன் நான். ஒரு வருடம் அவரை நிம்மதியாக நித்திரை கொள்ள வைத்தது ஆர் என்பதையும் அவர் யோசிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அட்டையில் களவெடுத்த சாமான் என்று எழுதிவிடாதீர்கள். அடித்து விலை பேசுவதில் பேர்போனவன் நான். அன்றைக்கு அந்த அம்மா கேட்ட காசை, ஒரு சொல் பேசாமல், அப்படியே எண்ணிக் கொடுத்தேன்.