செங்கல்லின் கடைசி வரி

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, திருச்சியிலிருந்தும் துவாக்குடியிலிருந்தும் வந்திருக்கும் மாணவர்களே, ஷரபுன்னிசா அம்மையாரின் குடும்பத்தாரே, வணக்கம்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அம்மையார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் அப்போது ஸ்ரீரங்கத்தில் வரலாற்று ஆசிரியர். 'சீனாவின் நான்ஜிங் நகர மதிலைக் கட்டியவர் யார்?' என்று பள்ளி வினாடி வினாவில் கேட்டு, 'பேரரசர்' என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண் போட்டிருந்தேன். அவர் மகள் இர்பானா 'கூலியாட்கள்' என்று எழுதியிருந்தாள். தவறென்று சுழித்துவிட்டேன். மறுநாள் அம்மையார் வந்து நின்றார்.

"சார், பேரரசர் எத்தனை செங்கல் சுட்டாருங்க?"

மதிப்பெண்ணைத் திருத்தினேன். எங்கள் நட்பு அன்று தொடங்கியது.

பேராசிரியர் ஷரபுன்னிசா இருபத்தாறு ஆண்டுகள் சீனக் கட்டடக் கலையைக் கற்பித்தவர். சீனா என்றால் எல்லோரும் வளைந்த கூரையைக் காட்டுவார்கள். அவர் செங்கல்லைக் காட்டுவார். அந்த மதிலின் செங்கற்கள் பலவற்றில் அதிகாரிகளின் பெயர்கள் வரிசையாகப் பதிந்திருக்கும். கடைசியில் சூளைக்காரரின் பெயரும் செங்கல் அறுத்தவரின் பெயரும் இருக்கும். எதற்காக? செங்கல் சரியில்லை என்றால் யாரைத் தண்டிப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்காக.

"தண்டிக்கறதுக்குத் தேடின பேரை, அறுநூறு வருஷம் கழிச்சு மரியாதைக்காகத் தேடக் கூடாதாங்க?" என்பார்.

செங்கற்களின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து, அந்தத் தொழிலாளர்களின் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்களைச் சேர்த்தார். அவருடைய நூலின் கடைசிப் பதினோரு பக்கங்கள் அவை. பதிப்புக் குழு என்ன செய்தது? அந்தப் பக்கங்களை மட்டும் நீக்கச் சொன்னது. அம்மையாருடன் நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். குழுவில் ஒருவர் கேட்டார்:

"மேடம், இது என்ன ரேஷன் கடை லிஸ்டா? படிக்கிறவங்க தூங்கிடுவாங்க."

"தூங்கட்டுங்க சார். எழுந்திரிச்சுப் பார்க்கறப்போ பேரு அங்கேயே இருக்கட்டும்."

சிரித்தார்கள். ஆனால் முடிவை மாற்றவில்லை. பெயர்கள் இல்லாத புத்தகம் தனக்கு வேண்டாம் என்று அம்மையார் பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நான்கு ஆண்டுகள் அது அவர் வீட்டு அலமாரியில் கிடந்தது. போன வியாழக்கிழமை அவர் நம்மை விட்டுப் போனார். நேற்று அதே குழுவிலிருந்து தொலைபேசி வருகிறது. அஞ்சலியாக நூலை வெளியிடலாமாம், பட்டியல் இல்லாமல்.

இதற்குப் பெயர் அஞ்சலியா? அட்டையில் அம்மையாரின் பெயர் வேண்டும், அவர் யாருக்காக எழுதினாரோ அவர்களின் பெயர் வேண்டாமா? பேரரசரின் பெயரை எந்தக் குழுவாவது இதுவரை நீக்கியதுண்டா?

துக்க வீட்டாரின் முன் கோபமாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரதி இர்பானாவிடம் இருக்கிறது. அவரும் நானும் அம்மையாரின் மாணவர்களும் சேர்ந்து அதை வெளியிடுவோம். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்களில் ஒன்றுகூடக் குறையாது. இந்த அவையின் முன் நான் தரும் வாக்கு இது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனாரின் பெயரையும் சித்தாளின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் கேட்டு எழுதுங்கள்.