மைதானத்துக்கு வெளியே லக்ஷனா

எனக்குக் கூடைப்பந்து விதிகள் இன்றைக்கும் முழுதாகத் தெரியாது, இன்ஸ்பெக்டர் ஐயா. பந்தைத் தட்டாமல் ஓடினால் விசில் ஊதுவார்கள் என்பது தெரியும். மற்றபடி ஃபோனில் ஆட்டம் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் கைதட்டினால் நானும் தட்டுவேன். இருந்தாலும் பதுளையில் லக்ஷனா ரசிகர் மன்றத்துக்குத் தலைவர் நான்தான். என் பெயர் செல்வநாயகம், பஜாரில் துணிக்கடை, அப்பா காலத்துக் கடை. ரசிகர் மன்றத் தலைவருக்கு விளையாட்டுத் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கும் சட்டமில்லை. கடைக்கு முன்னால் நாலு பேர் உட்கார இடமும், பிளேன்டீ வாங்கிக் கொடுக்க மனமும் இருந்தால் போதும். இரண்டும் என்னிடம் இருந்தன.

நேற்று நான் வந்து சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். யாருமே முறைப்பாடு கொடுக்காத விஷயத்துக்கு இந்த மனுஷன் ஏன் வந்து நிற்கிறான் என்று நினைத்திருப்பீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு இன்று வரச் சொன்னீர்கள். யோசித்துவிட்டேன். முதலிலிருந்து சொல்கிறேன், அவசரமில்லை, ஆறுதலாக எழுதிக்கொள்ளுங்கள்.

லக்ஷனாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. தாய் வள்ளியம்மை இன்னும் கொழுந்து பறிக்கிறாள். இந்தப் பிள்ளை ஊவா மாகாண அணிக்கு ஆடத் தொடங்கிய பிறகுதான், கிரிக்கெட்டைத் தவிர இன்னொரு விளையாட்டும் உலகத்தில் இருக்கிறது என்று எங்கள் பஜாருக்குத் தெரிந்தது. இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு வளையத்தின் இடப்பக்கமாகப் பாய்ந்து, எழும்பி, பந்தை மெல்ல உள்ளே வைத்துவிட்டு வருவாள். அந்தப் பக்கத்தை விட்டு வேறு பக்கம் போகமாட்டாள். எதிரணிக்கும் அது தெரியும், தெரிந்தும் தடுக்க முடியாது.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் கூட்டம் கடை வாசலில் சேரும். பக்கத்து ஃபோன் கடை ஷிராஸ் வருவார். ஓய்வுபெற்ற விஞ்ஞான வாத்தியார் ஜெயரட்ணம் மாஸ்டர் வருவார். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், படிப்பிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவர் வாயைத் திறந்தால் பஜாரே காது கொடுக்கும். நான் வாயைத் திறந்தால் துணி மீட்டர் என்ன விலை என்று கேட்கும். அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அவள் ஆட்டத்தைப் பற்றி எங்களுக்குள் சண்டை இல்லை. மைதானத்துக்கு வெளியே அவள் எப்படி என்பதில்தான் சண்டை. மன்றத்து ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டோம், பயிற்சி இருக்கிறது என்று வரவில்லை. ஜெயித்த அன்று டிவிக்காரர்கள் கேட்டதற்கு, தாங்கள் குடியிருக்கிற தோட்டத்து லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டாள். ஜெயித்த நாளில் கூரையைப் பற்றியா பேசுவது என்று பாதிப் பேருக்குக் கோபம். கூரையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்று மீதிப் பேருக்குக் கோபம். தேர்த் திருவிழாவில் காற்சட்டையோடு நிற்கிறாள் என்று ஒரு படம் ஃபோனுக்கு ஃபோன் சுற்றியது. அது அவளே இல்லை, வேறு யாரோ பிள்ளை. ஆனாலும் அதை வைத்து எங்களுக்கு ஒரு வாரம் ஓடியது.

இத்தனையிலும் அவள் பக்கம் நின்றவன் நான். நல்ல பிள்ளை, பந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் மதிக்கப்பட வேண்டிய பிள்ளை என்று தொண்டை கட்டும்வரை பேசினேன். மாஸ்டர் பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டு ஒருநாள் சொன்னார்:

"பந்தை அவளின்ரை கையில இருந்து எடுத்துப்போட்டுப் பாருங்கோ, செல்வநாயகம். மிச்சம் ஒரு ஏழைப் பிள்ளை. இந்த ஊர் அவளைத் திரும்பியும் பாராது. நீங்களும்தான்."

"பந்தே இல்லாட்டியும் அந்தப் புள்ளைக்கு என் கடையில மரியாத இருக்கும், மாஸ்டர்," என்றேன்.

அதை எப்படி நிரூபிப்பது என்று ஷிராஸ் கேட்டார். நிரூபிக்க முடியாது என்றார் மாஸ்டர். ஒன்று எதனால் நிற்கிறது என்று அறிய வேண்டுமானால் அதை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும், செடியை இருட்டில் வைத்துப் பார்க்கிற மாதிரி, மனுஷரில் அப்படிச் செய்ய முடியாது என்று வகுப்பெடுத்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஷிராஸ் அதையே ஃபேஸ்புக்கில் கேள்வியாகப் போட்டு வாக்கு எடுத்தார். மாஸ்டர் பக்கம் அள்ளிக்கொண்டு போனது. என் கடையில் சம்பளம் வாங்குகிறவர்கள்கூட மாஸ்டருக்குத்தான் போட்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளோடு நான் பேசியது ஒரே ஒருதரம். தீபாவளிக்கு முன்னால் தாயும் மகளும் துணி எடுக்க வந்திருந்தார்கள். இருக்கை போட்டு உட்கார வைத்தேன், தேத்தண்ணி வரவழைத்தேன், அவளுக்காக நான் படும் பாட்டையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். நான் எந்த ஆட்டத்தைப் பார்த்தேன் என்று விசாரித்தாள். கடையை விட்டு வருவது கஷ்டம் என்றேன். எழும்பும்போது சொன்னாள்:

"எனக்கு ஆடத்தான் தெரியுங்க, மொதலாளி. மத்ததப் பத்தியெல்லாம் நீங்க எனக்காகச் சண்ட போட வேணாம். இத யாரும் எங்கிட்டயிருந்து எடுத்துறாம இருந்தாப் போதும்."

என்ன அடக்கம் பாருங்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு மைதானத்துக்கு வெளியே மதிப்பில்லை என்றால் யாருக்குப் பொறுக்கும்?

பிறகுதான் கொழும்புக் கதை வந்தது. ஒரு பெரிய கம்பனி, சொந்தமாக அணி வைத்திருக்கிறார்கள். மாகாண இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஆள் அனுப்புகிறார்கள், அன்று நன்றாக ஆடினால் லக்ஷனாவுக்கு நிரந்தர வேலை, தாயோடு இருக்கக் குவாட்டர்ஸ். வள்ளியம்மை பஜாரெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். லயத்தை விட்டு இறங்கப் போகிறோம் என்று அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவள் கொழும்புக்குப் போய்விட்டால் இந்த வாதம் என்ன ஆவது? பந்துதான் அவளைத் தூக்கிக்கொண்டு போனது, நான் சொன்னேனே என்பார் மாஸ்டர். காலம் பூராவும் என் வாசலில் உட்கார்ந்து, என் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு சொல்வார்.

எங்கள் பக்கத்துக் கடைக்காரர்களுக்குக் கண்ணூறு கழிக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். நீற்றுப்பூசணிக்காயில் ஓட்டை போட்டுக் குங்குமம் கரைத்து, மேலே கற்பூரம் ஏற்றி, ஆளைச் சுற்றி எடுத்து நிலத்தில் போட்டு உடைப்போம். உடைத்ததை யாரும் தொடமாட்டார்கள். தொட்டால் கழித்த கண்ணூறு தொட்டவர் மேல் ஏறிவிடும். வெலிமடையிலிருந்து எல்லா மரக்கறியும் வரும், நீற்றுப்பூசணி மட்டும் பிபிலைப் பக்கத்திலிருந்து வரவேண்டும். நன்றாக முற்றிய காய் ஒன்று வேண்டும் என்று சொல்லி வைத்து எடுப்பித்தேன். முற்றிய காயில் விதையைச் சுற்றியிருக்கிற சதை வழுவழுவென்று இருக்கும்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் தூறல். சீமெந்துத் தளத்தைச் சாக்குப் போட்டு ஒற்றிக் காயவைத்திருந்தார்கள். அணி வந்து நின்றதும் மன்றத்தின் சார்பில் நான் உள்ளே போனேன். லக்ஷனாவை வளையத்தின் இடப்பக்கம் நிற்க வைத்துச் சுற்றினேன். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். வள்ளியம்மை கைகூப்பிக்கொண்டு நின்றாள். மாஸ்டர்கூட நல்ல காரியம் என்றார். அவளைத் தள்ளிப்போகச் சொல்லிவிட்டு அதே இடத்தில் காயைப் போட்டு உடைத்தேன். சனம் கைதட்டியது.

நடுவர் உடனே துடைக்கச் சொன்னார். சாக்கோடு நின்றவர்கள் பின்வாங்கினார்கள், கண்ணூறு கழித்ததை யார் தொடுவது? நானே துடைக்கிறேன் என்று வேட்டியை மடித்துக்கட்டினேன். துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டேன். பிறகு சாக்கை எடுத்து, சிதறிக் கிடந்த சதையில் ஒற்றி, சதை பட்ட பக்கம் கீழே வருகிற மாதிரி வைத்து, அவள் எழும்புகிற இடத்தில் ஒரே சீராக இழுத்தேன். பார்க்கிறவர்களுக்குத் துடைப்பதும் பூசுவதும் ஒரே மாதிரித்தான் தெரியும். குங்குமச் சிவப்பை மட்டும் ஈரத் துணியால் எடுத்துவிட்டேன், சிவப்பைக் கண்டால் மறுபடி துடைக்கச் சொல்வார்கள். ஏற்கெனவே ஈரமாக இருந்த தளத்தில் வேறொன்றும் தெரியவில்லை. வயதான மனுஷன் குனிந்து துடைக்கிறான் என்று சனம் மறுபடி கைதட்டியது.

முதல் பந்திலேயே வந்தாள். இடப்பக்கமாக வந்து, எழும்பக் காலை ஊன்றினாள். உடம்பு ஒரு பக்கம் போனது, முழங்கால் இன்னொரு பக்கம் போனது. அந்தச் சத்தம் மேல்படியில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. எனக்கு வேதனையாக இருந்தது, ஐயா. அதை மறைக்க மாட்டேன். ஆனால் வேதனைப்பட்டுக்கொண்டே, இனித்தான் உண்மை தெரியப்போகிறது என்றும் நினைத்தேன்.

காலின் உள்ளே அறுந்தது இனிப் பழையபடி சேராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நடக்கலாம், ஓட முடியாது. கொழும்பிலிருந்து வந்தவர்கள் அன்று பின்னேரமே திரும்பிப் போனார்கள். பூசணிக்காய்கூடத் தாங்காத கண்ணூறு என்று ஊர் பேசிக்கொண்டது. அதற்குப் பிறகு பஜாரில் நீற்றுப்பூசணி கிடைப்பது கஷ்டமாகிவிட்டது, எல்லோரும் உடைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். மண்டபம் எடுத்து, 'மைதானத்துக்கு வெளியே லக்ஷனா' என்று பெரிதாகப் பேனர் அடித்துப் பாராட்டு விழா வைத்தேன். அவளால் வர முடியவில்லை, கட்டுப் பிரிக்கும் நாள். சனமும் வரவில்லை. அன்று அப்புத்தளைப் பிள்ளை ஒன்று புதிதாக அணியில் ஆடியது, எல்லோரும் அதைப் பார்க்கப் போய்விட்டார்கள். வெறும் கதிரைகளுக்கு முன்னால் நின்று நானே பேசினேன். மாஸ்டர் மட்டும் கடைசிவரை இருந்தார். கைதட்டவில்லை.

அதன் பிறகு மாஸ்டர் கடைக்கு வருவதை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அந்த லயத்துக்குப் போய் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாராம், பரீட்சை எழுதினால் ஒரு வேலைக்காவது ஆகும் என்று. பார்த்தீர்களா? பந்து இல்லாவிட்டால் மதிப்பில்லை என்று சொன்ன அதே மனுஷன். தோற்றுவிட்டார், ஒப்புக்கொள்ளத்தான் மனமில்லை.

நான் ஏன் போகவில்லை என்று கேட்கிறீர்கள். கடையை விட்டுப் போக முடியாது. வள்ளியம்மை ஒருநாள் வந்தாள், மகளுக்குக் கடையில் ஒரு வேலை தர முடியுமா என்று. "ஒக்காந்து பில்லு போடுற வேலைன்னாலும் செய்வாளுங்க, மொதலாளி," என்றாள். நான் நியாயமாகத்தான் பேசினேன். துணிக்கடை என்றால் நாலு பக்கமும் ஓடவேண்டும், நொண்டிக் காலோடு ஒரு பிள்ளை வாசலில் இருந்தால் வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், அது அவளுக்குத்தான் மரியாதைக் குறைவு என்றேன். அவள் வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

பிறகு ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்றால், மாஸ்டர்தான் காரணம். செல்வநாயகம் கவனமில்லாமல் துடைத்துவிட்டார், அதனால்தான் பிள்ளை விழுந்தது என்று யாரிடமோ சொன்னாராம். அது ஊரெல்லாம் பரவி, கடைக்கு வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். கவனமில்லாதவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை, ஐயா. எங்கே உடைக்க வேண்டும், எப்படித் துடைக்க வேண்டும், எதை மட்டும் எடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன். அந்தப் பிள்ளையின் காலை உடைத்தது நான்தான். கைதவறி நடந்தது இல்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவளைப் பந்தோடு சேர்த்துப் பார்க்காமல் மனுஷியாகப் பார்த்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ன சொல்கிறீர்கள்? அவளையும் இன்று விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறீர்களா? வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறாளா?

வரும்போது அங்கே ஒரு பிள்ளை வழியை மறித்துக் காலை நீட்டிக்கொண்டு இருந்தது. ஆட்கள் நடக்க வேண்டாமா, காலை மடக்கு என்று சொன்னேன். மடக்க முடியாதுங்க என்றது. மரியாதை தெரியாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டு தாண்டி வந்தேன்.

அவளா அது? கையில் பந்து இல்லையே, ஐயா. எனக்கு எப்படித் தெரியும்?