காலியாக வந்த டப்பா

— கம்மலக் கயட்டாத மகிமா. காதுலேந்து கைய எடு மொதல்ல.

— கழட்டாம பின்ன என்ன செய்யச் சொல்லுதீங்க? விடிஞ்சா கிறிஸ்மஸ். ஃபராவுக்கு நல்ல கேக்கும் ஒரு பட்டுச் சேலையும் வாங்கணும். அடகுக்கடைய அடச்சிருவான்.

— எதுத்த வூட்டுக்குப் பட்டுப் பொடவையா? தோ பாரு, கன்டெய்னர் யார்டுல கொக்கி மாட்டறவன் நானு. கப்பலு என்துன்னு நெனச்சுக்கினியா?

— போன கிறிஸ்மஸுக்குச் செஞ்ச தப்பக் கழுவ வேண்டாமா?

— இன்னும் அதையே புட்ச்சினு கீறியா? டப்பா மாறிப்போச்சு. அவ்ளோதான்.

— உங்களுக்கென்ன. அவளுக்குக் கேக்கு, டூட்டிக்குப் போற உங்களுக்கு முந்தின நாள் சாளக் கொழம்பு. ரெண்டும் ஒண்ணு போல எவர்சில்வர் டப்பா. மாத்திக் குடுத்துத் தொலச்சேன். நல்ல நாளும் அதுவுமா பழைய மீன் கொழம்ப அனுப்புனவ ஊர்ல நான் ஒருத்திதான் இருப்பேன்.

— நானு யார்டுல சோத்துக்குக் கேக்கத் தொட்டுக்கினு துன்னேனே, அத்த யாரு கேக்கறா? இன்னிக்கும் எனக்குக் கேக்கு மாமுன்னுதான் பேரு.

— சிரிக்காதீங்க. அந்த டப்பா இன்னும் திரும்பி வரல, பாத்துக்கிடுங்க. பாத்திரத்த வெறுமன திருப்பக் கூடாதுன்னு ஒரு கை சர்க்கரையாவது போட்டு அனுப்புறவ அவ. ரம்ஜானுக்குப் பிரியாணி வந்துச்சு, அதுவும் வேற தூக்குல. மனசு கசந்துதான் அத வச்சிருக்கா.

— கேட்டுட வேண்டிதான?

— எந்த மூஞ்சிய வச்சுக் கேக்க? உங்க காலு முறிஞ்சு கெடந்தப்ப வந்தவங்க எல்லாம் ஆப்பிளாக் கொண்டாந்து குமிச்சாங்க. அவ மட்டுந்தான உங்க பழைய பேன்ட்ட வாங்கிட்டுப் போயி, ஒரு பக்கத் தையலப் பிரிச்சு, டிச் பட்டன் வச்சுக் குடுத்தா?

— அத்த சொல்லு. மாவுக்கட்டு மேல பேன்ட்டப் போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்கு ஆம்பளையாப் போனேன். ஒரு ரூபா செலவில்ல அவளுக்கு. அந்த மாதிரி யோசிக்கிறவகிட்டப் பட்டக் காமிச்சா சரியாப் பூடுமா?

— மகி, கதவு தொறந்தே கீது. உள்ள வரலாமா?

— வா, ஃபரா. அது... என் டப்பாவா?

— உன்துதான். மூடில ரெஜி அண்ணன் பேரு வெட்டிக்கீது பாரு. இந்தா.

— காலியால்லா இருக்கு.

— காலிதான். வேணும்னேதான் காலியா எட்த்தாந்தேன்.

— அன்னைக்குக் கை மாறிப் போச்சு, ஃபரா. அதுக்காக வெறும் டப்பாவத் திருப்பாத. நான் உனக்குப் பட்டு எடுத்துத் தாரேன்.

— பட்டா? இன்னாடி பேஜாரு இது? பேரப் பாத்தப்பவே தெரியும், மாறிப்போச்சுன்னு. குடுத்தனுப்பலாம்னு நான் மூடறதுக்குள்ள எங்க மாமனாரு கைய வுட்டுட்டாரு.

— அத்தாவுல்லா மாமாவா?

— மாமி மௌத்தாப் போய்ச் சேந்ததுலேந்து அவருக்கு டீயும் பன்னுந்தான், உனக்குத் தெரியாதா? பிரியாணி வெச்சாலும் தட்டத் தள்ளிடுவாரு. அன்னிக்கு உன் கொழம்ப ஊத்தி ஒரு தட்டு சோறு துன்னாரு. டப்பாவ வழிச்சு நக்கிட்டு, கொழம்பு இன்னும் இருக்காம்மான்னு கேட்டாரு. சத்தியமா, அப்பாலதான் அவருக்குச் சோறே எறங்குச்சு.

— இத ஏன் நீ எங்கிட்டச் சொல்லவே இல்ல?

— டப்பாவ எத்தப் போட்டு ரொப்பி அனுப்புவேன், சொல்லு? அதுக்கு ஈடா எங்கூட்டுல ஒண்ணுமில்ல. இதுவா அதுவான்னு ரோசன பண்ணியே வருசம் ஓடிப்போச்சு. நேத்து மாமாவே எட்த்துக் குடுத்தாரு. காலியாவே குடும்மா, அந்தப் பொண்ணு இந்த வருசமும் தப்புப் பண்ணட்டும்னாரு.

— என்னங்க, இன்னும் நிக்கீங்களே? காசிமேட்டுக்குப் போங்க, சாள கெடைக்கும். இன்னைக்கு வச்சாத்தான நாளைக்குப் பழசாகும்.