உட்கார்ந்த நிலையில் ஆண், ஒன்று

அந்தக் கயித்த மொதல்ல கீழ வைங்க சார். சொன்னாக் கேளுங்க. கட்டித் தூக்கிட்டுப் போறதுக்கு அது பொம்மையா? எங்க வீட்டுக்காரரு! உசுரோட இருக்காரு. உள்ள ஷேவ் பண்ணிட்டிருக்காரு, தண்ணி விடற சத்தம் கேக்குதில்ல?

உக்காருங்க. அய்யோ, அந்த ஸ்டூல்ல வேணாம், அது வித்தாச்சு. இந்தப் பெட்டி மேல உக்காருங்க. அதுவும் வித்ததுதான், வாங்கினவரு இன்னும் வரல. என் பொழப்பே இதுதானே... காலி பண்ற வீட்டுல மிஞ்சறத வாங்கறது, தொடச்சு, போட்டோ எடுத்து, ஆன்லைன் ஏலத்துல போடறது. ஒரு வம்பு கிடையாது. இந்த ரெண்டு பேரு உள்ள நுழையற வரைக்கும்.

யாருன்னா கேக்கறீங்க? ஒருத்தன் என் கூடப் பொறந்த தம்பி. இன்னொருத்தரு எங்க மாப்பிள்ள, பொண்ணக் கட்டினவரு. ரெண்டு பேருக்கும் கம்ப்யூட்டரு தெரியும். அதான் சார் கெரகம். ஒருத்தனுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்.

தம்பி வந்தான். "அக்கா, ஒவ்வொண்ணாப் போட்டுட்டு இருக்கியே, இந்தா ஒரு ப்ரோக்ராம், கம்ப்யூட்டர்லயே ஏத்தி வெச்சிடறேன். நெட்டு இல்லாட்டியும் வேலை செய்யும். நீ பாட்டுக்கு எழுதி வை, எல்லாத்தையும் மூட்ட கட்டி சாயங்காலம் அதுவே அனுப்பிடும்"னான். சரின்னேன். ஏத்தினான். கம்ப்யூட்டரு அன்னைலேர்ந்து மூச்சு வாங்குது.

மறுநாளு மாப்பிள்ள. "என்ன அத்த, இந்தக் காலத்துல போயி இதெல்லாம் ஏத்திக்கிட்டு? வெப்ல திறங்க. எந்த ஊருக்குப் போனாலும் திறக்கலாம். அந்த நிமிஷமே போயிடும்"னாரு. நான் எந்த ஊருக்கு சார் போறேன்? மாடிக்கே முட்டி வலி விட மாட்டேங்குது. ஆனா மாப்பிள்ள வாய்விட்டுச் சொல்லிட்டாரு, வேணாம்னு சொல்ல முடியுமா? நாளைக்கு எம் பொண்ணுல்ல அங்க போயி இருக்கணும்? தம்பியோடத எடுக்கவும் முடியாது. தாய்மாமன மதிக்கலன்னு அவன் மூணு வருஷம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான்.

அதனால என்ன பண்ணேன்... ரெண்டையும் வெச்சுக்கிட்டேன். தம்பி வந்தா தம்பியோடது, மாப்பிள்ள வந்தா மாப்பிள்ளையோடது. ரெண்டு மருமகள வெச்சு சமாளிக்கற மாமியா மாதிரி.

டீ குடிக்கறீங்களா? வேணாமா? சரி.

வெப் இருக்கே, அது வாராவாரம் மூஞ்சிய மாத்திக்கும். நேத்து இங்க இருந்த பொத்தான் இன்னைக்கு எங்கன்னே தெரியாது. நெட்டு போச்சா, பாதி எழுதினதும் போச்சு. தம்பியோடது அப்படி இல்ல. எங்க வெச்சீங்களோ அங்கயே இருக்கும், எங்க வீட்டுக்காரரு மாதிரி. என்ன ஒண்ணு... சொன்னா உடனே செய்யாது. அதுவும் எங்க வீட்டுக்காரரு மாதிரிதான்.

அவருக்கு வர்றேன் சார், வர்றேன், ஏன் எந்திரிக்கறீங்க?

உள்ள ஒரு சுழல் நாற்காலி இருக்கு. அவரு ஆபீஸ மூடினப்போ வாங்கிட்டு வந்தது. அன்னைக்கு உக்காந்தவருதான். எந்திரிக்கறதே இல்ல. சும்மா சுத்துவாரு. ஜன்னலப் பாக்க ஒரு சுத்து, டிவியப் பாக்க ஒரு சுத்து, என்னத் திட்ட ஒரு சுத்து. இந்த நாற்காலிய வித்துத் தொலைச்சாத்தான் மனுஷன் நடப்பாருன்னு போட்டோ எடுக்கப் போனேன். எந்திரிங்கன்னேன். "என்னையும் வெச்சே எடு, சைஸு தெரியும்"னாரு. எடுத்தேன்.

தம்பியோட ப்ரோக்ராம்ல ஒரு வித்தை இருக்கு, போட்டோல தேவையில்லாதத அழிச்சிடும். இவர அழிக்கும்னு கொடுத்தேன். அது நாற்காலிய அழிச்சிட்டு இவர விட்டுடுச்சு! அந்தரத்துல உக்காந்திருக்காரு, கையில டிவி ரிமோட்டோட. நான் கண்ணாடி போடல, கவனிக்காம அப்படியே ஏலத்துல போட்டுட்டேன். மாப்பிள்ளையோட வெப்ல வேற ஒரு வித்தை, போட்டோவப் பாத்து அதுவே விவரம் எழுதிடும். எழுதிச்சு பாருங்க... நீங்கதான் படிச்சிருப்பீங்களே. "உட்கார்ந்த நிலையில் ஆண், ஒன்று. நடுத்தர அளவு. மேற்பகுதியில் முடி குறைவு. சிறு தேய்மானங்கள் உண்டு."

தேய்மானமாம்!

ஆமா ஆமா, நீங்க துணிக்கடை வாசல்ல வேட்டி கட்டி உக்கார வைக்கத்தான் கேட்டீங்க. தப்பில்ல சார். பாத்தா பொம்ம மாதிரிதான் இருக்காரு. நானே சில நாளு தொட்டுப் பாப்பேன்.

ஏலத்துலேர்ந்து எடுத்திருக்கலாமேங்கறீங்களா? எடுக்காமலா? வெப்ல எடுத்தேன். சாயங்காலம் தம்பியோட ப்ரோக்ராம் பாக்குது, ஆளக் காணோமேன்னு பதறி, பாசமா மறுபடி போட்டுடுச்சு. சரின்னு அதுல எடுத்தா, வெப் போட்டுடுது. எம் புருஷன் விஷயத்துல மட்டும் ரெண்டும் ஒண்ணாச் சேந்துக்கிச்சு! ஏதாவது ஒண்ணத் தூக்கிப் போட்டிருந்தா தீந்திருக்கும். யாரோடதத் தூக்கறது, சொல்லுங்க? தம்பியா, மாப்பிள்ளையா?

அதுக்குள்ள ஆளுங்க கேக்க ஆரம்பிச்சாச்சு. வெல ஏறுது. இவரு நாற்காலிய எங்கிட்ட உருட்டிட்டு வர்றாரு... "ஏய், என்னையா இத்தன பேரு கேக்கறாங்க?" பொண்ணு பாக்க வந்தப்போ கூட அந்த மூஞ்சில அப்படி ஒரு சிரிப்பு இல்ல சார். கடைசில எல்லாரும் விலகிட்டாங்க. நீங்களும் இன்னொரு ஆளும்தான். நீங்க ஏத்தினா அந்த ஆளு ஏத்த, அந்த ஆளு ஏத்தினா நீங்க ஏத்த... "யாருடி அது, விடாம நிக்கறது? நம்ம அரும தெரிஞ்ச ஆளா இருக்கணும்"னு தூங்காமக் கெடந்தாரு.

கொஞ்சம் கிட்ட வாங்க. அவரு காதுல விழக்கூடாது.

அது நான்தான்.

பொண்ணு பேருல கேட்டேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க? எடுக்கவும் முடியல, வித்ததக் கொடுக்கலன்னா ஏலக்காரங்க என் கணக்க மூடிடுவாங்க, பொழப்பு போயிடும். நானே ஏலத்துல எடுத்துடலாம்னு பாத்தேன். உங்கள ஜெயிச்சிருப்பேன் சார்! கடைசி நேரம் பாத்துத் தம்பி வந்து பக்கத்துல உக்காந்துட்டான். அவன் முன்னாடி வெப்பத் திறக்க முடியுமா? அவனோடதுலயே வெலயப் போட்டேன். அது மூட்ட கட்டி வெச்சுக்கிச்சு. சாயங்காலம் அனுப்புச்சு. அதுக்குள்ள நீங்க எடுத்தாச்சு.

பொம்மைய எடுத்திருக்கேன்னு நெனச்சு நீங்க சந்தோஷமா இருந்திருப்பீங்க. இங்க நான் சமையக்கட்டுல நின்னு...

அத விடுங்க. இந்தா, வந்துட்டாரு. அய்யய்ய, என்னங்க இது, கல்யாண பட்டு வேட்டியா? பையில என்ன? மாத்தர எடுத்துக்கிட்டீங்களா? வாங்க, இவருதான் உங்கள எடுத்த... சார்? சார்! கதவு ஏன் திறந்திருக்கு? படியில ஓடறாரு பாருங்க. சார், கயிறு! உங்க கயித்த விட்டுட்டுப் போறீங்க!

போயிட்டாருங்க.

பைய இறக்கி வைங்க. நான் ஒண்ணும் தப்பா சொல்லலங்க... பேசிட்டுத்தான் இருந்தேன். எதுக்கு இப்ப மூஞ்சி தொங்குது? பிடிக்கலன்னு யாரு சொன்னா? அந்தாளுக்குக் கடையில எடம் பத்தாதாம்.

சரி, சரி... கண்ணத் தொடைங்க. மறுபடி போடறேன். அந்த இன்னொரு ஆளு கண்டிப்பா வருவா. ஆமா, வருவாதான், பொம்பளதான். எனக்குத் தெரியும். தம்பி மூஞ்சியத் தூக்கினாத் தூக்கட்டும், இந்த தடவ வெப்லயே கேக்கறேன்.