பக்கத்து வீட்டு நாற்காலி

"அடுத்த வாரமும் நான்தான் சார் பாடப்போறேன்."

தாம்பரத்தில் பஸ் கிளம்பியதும் எனக்கு முன் சீட்டிலிருந்த கண்ணாடிக்காரர் இப்படிச் சொன்னார். அவர் சட்டையிலும் பக்கத்திலிருந்த பருமனானவர் சட்டையிலும் ஒரே சேவைச் சங்கத்தின் பேட்ஜ். வாராந்திரக் கூட்டம் முடிந்து திரும்புகிறார்கள் போலும்.

பருமனானவர் சிரித்தார். "சங்கம் படிக்க வைக்கற பசங்கள்ல நம்ம பொறுப்புல விட்ட பையனை வாராவாரம் வீட்டுக்குப் போய்ப் பாக்கலேன்னா மீட்டிங்ல எழுந்து பாடணும். ரூல் போட்டதே நீங்கதானே சார்? அஸ்தினாபுரம் என்ன அவ்வளவு தூரமா?"

"தூரம் இல்ல சார். நான் போனா அவங்கம்மா பக்கத்து வீட்டுல சேர் வாங்கிப் போடறாங்க. சின்னப் பசங்களை வெளிய அனுப்பிடறாங்க. காபி, பஜ்ஜி, ஒரே பேச்சு. 'நீங்க வர்ற அன்னிக்கு மட்டும்தான் சார் நான் படிக்கறதில்ல'ன்னு அவனே சொல்லிட்டான்."

"அடப்பாவமே. இதை மீட்டிங்ல சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அந்தம்மாவைக் குறை சொன்ன மாதிரி ஆயிடும்."

சானடோரியம் ஸ்டாப்பில் நாலு பேர் ஏறினார்கள். கண்ணாடிக்காரர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"போன வாரம் எனக்கு பேங்க்ல வேலை, போக முடியல. அவங்கம்மா வழக்கம்போல சேர் போட்டு, பசங்களை அனுப்பிட்டுக் காத்திருந்திருக்காங்க. வீடு அமைதியா இருந்துதாம். அந்தச் சேர்லயே உக்காந்து கணக்குப் பாடம் முழுக்க முடிச்சுட்டானாம். பேங்க்குக்கே வந்து சொன்னான்."

"சரி, இந்த வாரம்?"

"வரேன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்."

"போவீங்களா?"

"அதான் பாடப்போறேன்னேனே."

பருமனானவர் அவர் தோளில் தட்டினார்.

"வேற பாட்டாவது கத்துக்குங்க சார். இன்னிக்குப் பாடினது சகிக்கல."