மூலை மேசையிலிருந்து வந்த பதில்

மணி இரண்டே கால். கிடங்குகளுக்கு நடுவே போகிற ஒற்றைச் சாலை. மூன்று விளக்கில் ஒன்றுதான் எரியும். ஒரு நாய்கூட இல்லை... அந்தச் சாலையில் என் சகலை கொட்டாவி விட்டபடி வண்டி ஓட்டிப் போகிறார். தொடர்ந்து பதினெட்டாவது ராத்திரி.

சிரிக்காதீர்கள். அந்த மனுஷனுக்குக் கதை கட்டத் தெரியாது. பொய் சொன்னால் காது சிவந்துவிடும். இதைச் சொன்னபோது காது வெளுத்துப்போயிருந்தது.

ஒரு கம்பெனியில் மின்னஞ்சல் சர்வரைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். ஒரே நாளில் ஆகிற காரியமில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் கிளம்பிய பிறகு, ஊழியர்களின் அஞ்சல் பெட்டிகளைப் பத்துப் பத்தாகப் பழசிலிருந்து புதுசுக்கு மாற்றுவார்கள். ஒரே ஒரு பெட்டி மிச்சமிருந்தாலும் பழசை அணைக்கக் கூடாது. மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுப்படியில் விட்ட மாதிரி, நடுவில் ஒருவன் தூங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தொடங்கியபோது அவர்கள் இரண்டு பேர். இன்னொருவரை ஆபீசே கடுதாசிக்காரர் என்றுதான் கூப்பிடும். புதுசுக்கு முன்னால் சகலை. மூலை மேசையில், பழசுக்கு முன்னால் கடுதாசிக்காரர். சகலை ஒரு சோதனை அஞ்சல் விடுவார். வந்து சேர எத்தனை நொடி ஆயிற்று என்று அவர் பதில் போடுவார். வாய்ப்பேச்சே கிடையாது. மூன்றாம் நாள் விடியற்காலை கடுதாசிக்காரர் மேசையில் தலை சாய்த்தார். அசதியாக இருக்கும், தூங்கட்டும் என்று சகலை விட்டுவிட்டார். எழுப்பப் போனபோது... உயிர் இல்லை.

வேலை ஒரு வருஷம் நின்றது. பிறகு சகலை தனியாக எடுத்துச் செய்தார்.

அந்தப் பதினெட்டாவது ராத்திரி கிளம்பும்போது கொழுந்தியா வாசலில் வந்து நின்றாள்.

"இன்னைக்கும் முடியலைன்னா நான் பிள்ளையைத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடறேன். உங்களுக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு."

அக்கா வீடு என்றால் என் வீடு. அந்த வேலை முடிய வேண்டும் என்று எனக்கும்தான் இருந்தது.

மூன்றரை மணி. எல்லாப் பெட்டிகளும் மாறிவிட்டன. ஒன்றே ஒன்று பாக்கி. கடுதாசிக்காரருடையது. இறந்தவரின் பெட்டியை மூட யாருக்கும் தோன்றவில்லை.

மாற்றினார். தொண்ணூறு சதவீதம் போய்... நின்றது. மறுபடியும் மாற்றினார். நின்றது. இந்தப் பெட்டியை ஒருவர் திறந்து வைத்திருக்கிறார் என்றது திரை. எங்கிருந்து என்று பார்த்தார்.

இதே அறை. மூலை மேசை.

திரும்பினார். மேசை காலி. கம்ப்யூட்டரை எப்போதோ எடுத்துவிட்டார்கள். சுவரிலிருந்து ஒரு கம்பி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மூக்கில் ஏறியது... தலைவலித் தைலத்தின் வாசனை. கடுதாசிக்காரர் நெற்றி நிறையப் பூசிக்கொள்வாரே, அதே தைலம்.

அடுத்துச் செய்ததுதான் தப்பு என்கிறார் சகலை. கை தன் பழக்கத்துக்கு அந்தப் பெட்டிக்கு ஒரு சோதனை அஞ்சல் விட்டுவிட்டது.

டக். டக்டக்... டக்.

இரண்டு விரலால் தட்டுகிற சத்தம். மூலையிலிருந்து.

பதில் வந்தது: "நாலு நொடி."

நாமாக இருந்தால் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடியிருப்போம். அவருக்கு ஓடத் தெம்பில்லை. பயம் வருவதற்குள் பாவமாகப் போய்விட்டது என்றார். இந்த மனுஷன் ஒரு வருஷமாக, எப்போது முடியும், எப்போது முடியும் என்று இங்கேயே உட்கார்ந்திருக்கிறாரே... கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார்.

"அண்ணே, எல்லாம் மாத்தியாச்சு. வேலை முடிஞ்சுது. நீங்க வீட்டுக்குப் போங்க."

 பிறகு... நாற்காலி பின்னால் நகரும் கிறீச். கதவு மெல்லத் திறந்தது. மெல்லச் சாத்திக்கொண்டது. அறையில் தைல வாசனை இல்லை.

பெட்டி ஒரே மூச்சில் மாறியது. பழசை அணைத்தார். மின்விசிறி இரைச்சல் பாதியாகக் குறைந்தது. வீட்டுக்குப் போய், போட்ட சட்டையோடு விழுந்து தூங்கினார்.

சாயந்திரம் போன் எழுப்பியது. கடுதாசிக்காரரின் மனைவி. ஒரு வருஷமாகப் பேசாதவர். பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தம்பி, அவரு விடியக்காலையில வந்துட்டாரு. வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்கன்னு நீங்கதான் சொன்னீங்களாமே."

சகலை படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

"ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல. வந்து படுத்தவருதான்... அசந்து தூங்கறாரு, எழுப்ப மனசு வரல. நாலு போர்வை போத்தியாச்சு. கையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். இன்னும் சூடு ஏற மாட்டேங்குது, தம்பி."