கழிக்கக் கூடாத பாரம்

வெலிமடையிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த பெண் சட்டென்று கணவர் பக்கம் திரும்பினாள்.

“ட்ரெய்லரோட பாரத்தையுமா கழிச்சீங்க?”

“ஆமா. கிழங்கு மூட்டைகள மட்டுந்தான் கூட்டுனேன். நம்ம கார் இழுக்குற அளவுக்குச் சரியா வந்துச்சு.”

“தோட்டத்துல தேயிலக் கொழுந்து நிறுக்கையில சாக்குக்குக் கழிக்கிற மாதிரியா? ட்ரெய்லரையும் சேத்துத்தானே கார் இழுக்கணும்? கொஸ்லந்த இறக்கத்துல பிரேக் எப்படிங்க பிடிக்கும்? மொதல்ல, கார ஓட்டிட்டுப் போற என் தம்பிக்குப் போனப் போடுங்க!”

அவர் உடனே அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

“இன்னும் கெளம்பல மச்சான். மழை விடட்டும்னு டீ குடிச்சிக்கிட்டு இருக்கேன்.”

“அப்பாடா! பாதி மூட்டைய எறக்கிரு மாப்ள. ரெண்டு தடவையா கொண்டு போயிரலாம்.”

போனை வைத்ததும் இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பை முதலில் நிறுத்தியது அவள்தான்.

“தெனமும் எங்க கொழுந்த நிறுத்து, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிச்சுக் கழிச்சுக் கை பழகிப்போச்சு உங்களுக்கு. நாளையிலிருந்தாவது கொறச்சுக் கழிங்க.”

“கழிக்கவே மாட்டேன், போதுமா?” என்றார்.

அந்த நேரத்தில் அவள் தராசையே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்.